மல்லாட்டைக் கொல்லையும் முன்னூற்றுப் பதினைந்து ரைபிளும்



விதை நேர்த்தி, ஜிப்சம் இடுதல், சிவப்புக் கம்பளிப்புழு என்று வழக்கமாகப் பேசுகிறவன் இன்றைக்குத் துப்பாக்கியைப் பற்றிப் பேசப்போகிறேன். "வேளாண்மை அதிகாரிக்கும் வேட்டைத் துப்பாக்கிக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தத்தை உண்டாக்கியவர் உங்களில் ஒருவர்தான்.

மாசி மாதம் மரக்காணத்துக்கு மேற்கே ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். மல்லாட்டை பூப்பிடித்து விழுது இறங்கும் சமயம். ஒரு பெரியவரின் கொல்லைக்குள் கால் வைத்தால் ஏர் ஓட்டிப்போட்ட மாதிரி கிடக்கிறது. ஒரே இராத்திரியில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்றரைக் காணியைப் புரட்டிவிட்டது. பெரியவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். கோபம்கூட இல்லை அவர் முகத்தில். "சார், என் அண்ணன் மகன் பட்டாளத்துல இருந்து வந்தவன். சின்னதா, கையடக்கமா, தாழ்ப்பாள் வச்ச ரைபிள் ஒண்ணு சர்க்கார்லயே செய்யறாங்களாம். முன்னூத்திப் பதினைஞ்சுன்னு பேராம். அஞ்சு தோட்டா புடிக்குமாம். லைசென்சுக்கு நீங்க ஒரு சிபாரிசு எழுதித் தரணும்" என்றார்.

ஒரு விஷயத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முந்தின வருஷம் நடந்த விவசாயிகள் கூட்டத்தில், பன்றித் தொல்லை பற்றி எல்லாரும் ஒரே குரலில் கத்தியபோது, "துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போடுங்களேன்" என்று வாய் போன போக்கில் சொன்னவன் நானேதான். சொன்னதை நான் மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை. ஆகவே சிபாரிசு எழுதுவதற்கு முன்னால் அந்த ரைபிள் என்ன, அது எப்படி வந்தது, அதன் தோட்டா எப்படிப்பட்டது என்று படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. படிக்கப் படிக்க, அது உப்பளத்தையும் உரக்கடையையும் சுற்றிச் சுற்றி வருகிற கதையாக இருந்தது.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். ஒரு அங்குலத்தை ஆயிரம் பங்காகப் போட்டால் அதில் 315 பங்கு. அதுதான் குழல் துவாரத்தின் அளவுக்கு வைத்த பெயர். மில்லிமீட்டரில் சொன்னால் 8. வேட்டைத் துப்பாக்கியில் '12 போர்' என்கிறார்களே, அது வேறு கணக்கு. அந்தக் குழலுக்குச் சரியாகப் பொருந்துகிற ஈயக் குண்டுகள் 12 செய்தால் ஒரு பவுண்டு எடை வரும் என்று அர்த்தம். அதனால்தான் அங்கே எண் கூடினால் துவாரம் சிறுக்கும், ரைபிளில் எண் கூடினால் துவாரம் பெருக்கும். சந்தையில் இரண்டு வகை மரக்கால் வைத்துக்கொண்டு அளக்கிற மாதிரி.

இந்த இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் குழலின் உட்புறத்தில் இருக்கிறது. 12 போர் துப்பாக்கியின் குழல் உள்ளே மூங்கில் குழாய் போல வழவழப்பு. ரைபிளின் குழலில் திருகாணி மரை மாதிரி வரிகள் வெட்டியிருக்கும். குண்டு அந்த வரிகளில் உரசிக்கொண்டு போகும்போது பம்பரம் போலச் சுழலும். சுழல்கிற பம்பரம் சாயாது அல்லவா? அதே நியாயம்தான். சுழல்கிற குண்டு தலைகுப்புறப் புரளாமல் நேராகத் தூரம் போகும்.

நம் கரைக்குத் துப்பாக்கி புதிதல்ல. மரக்காணத்துக்கு வடக்கே கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 1750-இல் அது பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1760 ஜனவரியில் வந்தவாசிச் சண்டையில் அவர்கள் தோற்றார்கள். அதே ஆண்டில் ஆங்கிலேயர் ஆலம்பரையைப் பிடித்து இடித்துப்போட்டார்கள். அந்தச் சண்டைகளில் இரு தரப்பும் தூக்கியவை வழவழப்புக் குழல் மஸ்கட் துப்பாக்கிகள். வாய்வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் கெட்டித்துச் சுடவேண்டும். நூறு கஜத்துக்கு அப்பால் குறி என்ற பேச்சே கிடையாது. கூட்டமாக நின்று கூட்டத்தைப் பார்த்துச் சுடுவார்கள், அவ்வளவுதான். நம் ஊர்ப் பக்கம் 'கெட்டிக்கிற துப்பாக்கி' என்று சொல்கிறோமே, பால்ரஸ் குண்டு போட்டுச் சுடுவது, அது அந்த மஸ்கட்டின் பேரப்பிள்ளை.

அந்த மருந்து என்ன? கரி, கந்தகம், வெடியுப்பு. இதில் முக்கியமானது வெடியுப்பு. பேரில் உப்பு இருந்தாலும் நம் மரக்காணம் பாத்தியில் விளைகிற உப்பு அல்ல அது. கறியுப்பு சோடியம் குளோரைடு. வெடியுப்பு பொட்டாசியம் நைட்ரேட். பொட்டாஷும் தழைச்சத்தும் சேர்ந்தது. இன்றைக்குச் சொட்டுநீரில் கரைத்து விடுகிற உரமாக அதையே கடையில் விற்கிறார்கள். பழங்காலத்தில் அதை எங்கே எடுத்தார்கள் தெரியுமா? மாட்டுக்கொட்டகை ஓரத்திலும் பழைய குடியிருப்பு மண்ணிலும். சாணமும் மூத்திரமும் ஊறிய மண்ணை வழித்து, தண்ணீரில் கரைத்து, காய்ச்சி எடுத்தார்கள். பீகார்ச் சீமைதான் இதற்குப் பேர்போன இடம். ஐரோப்பாவின் சண்டைகளுக்கு அங்கிருந்து கப்பல் கப்பலாக வெடியுப்பு போயிற்று. அந்த மண்ணைக் காய்ச்சினால் கூடவே கறியுப்பும் படியும். உப்புக்கு வரி போட்டு வயிறு வளர்த்த சர்க்கார் சும்மா இருக்குமா? வெடியுப்புக் காய்ச்சுகிறவனும் லைசென்ஸ் வாங்கவேண்டும் என்று உப்புச் சட்டத்திலேயே எழுதிவைத்தது.

கரிமருந்துக்கு ஒரு பெரிய குறை உண்டு. எரிந்த பிறகு அதில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் கசடாகவும் புகையாகவும் நின்றுவிடும். ஒரு வெடி வெடித்தால் சுட்டவனுக்கே எதிரே இருப்பது தெரியாது. குழலிலும் கசடு அடைக்கும்.

தோட்டா என்பதும் அந்நாளில் காகிதப் பொட்டலம்தான். 1857 கலவரக் கதை உங்களுக்குத் தெரியும். என்ஃபீல்டு ரைபிளுக்கான காகிதத் தோட்டாவில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது, அதைப் பல்லால் கடிக்கச் சொல்கிறார்கள் என்ற பேச்சு, எரிகிற கூரையில் எண்ணெய் ஊற்றியது. அதற்கப்புறம் பத்து ஆண்டுக்குள் காகிதம் போய்ப் பித்தளை வந்தது. பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பொறி விடும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் குண்டு. நாலும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் இன்றைய தோட்டா. பித்தளைக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. மருந்து வெடித்ததும் கூடு கொஞ்சம் விரிந்து, அறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்பக்கம் வராமல் அடைத்துவிடும். அழுத்தம் குறைந்ததும் பழையபடி சுருங்கும். பம்புசெட்டில் லெதர் வாஷர் செய்கிற வேலைதான்.

புகை பிரச்சினையைத் தீர்த்தவர் பால் வியே என்கிற பிரெஞ்சு விஞ்ஞானி. 1884-ஆம் ஆண்டு. பஞ்சை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்தால் வெடிப்பஞ்சு ஆகும் என்பது முன்பே தெரியும். ஆனால் அது கட்டுக்கடங்காது. வியே அதைக் களிபோலப் பிசைந்து, தகடாக்கி, துண்டாக்கி, நிதானமாக எரிய வைத்தார். 1886-இல் பிரான்சு 'லெபெல்' என்ற 8 மில்லிமீட்டர் ரைபிளை அந்த மருந்தோடு இறக்கியது. புகை கிடையாது என்று சொல்லலாம். வேகம் கூடிற்று. குண்டு சிறுத்தது. உலகத்துச் சர்க்கார்கள் எல்லாம் பழைய துப்பாக்கிகளைக் குப்பையில் போட்டு ஓடிப்போய்ப் புதியது செய்தன. ஆஸ்திரியா செய்துகொண்டது மன்லிக்கர் ரைபிள். அதன் தோட்டாவும் 8 மில்லிமீட்டர், கூட்டின் நீளம் 50 மில்லிமீட்டர், அடியில் விளிம்பு வைத்தது. இந்த ஆஸ்திரியத் தோட்டாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறது.

ஆங்கிலேயர் செய்த புகையற்ற மருந்துக்குக் 'கார்டைட்' என்று பேர். வெடிப்பஞ்சையும் நைட்ரோகிளிசரினையும் அசிட்டோனில் கரைத்து, இடியாப்பம் பிழிகிற மாதிரி நாராகப் பிழிந்து எடுப்பது. இதற்கு இந்தியாவில் தொழிற்சாலை வைத்த இடம் நம் நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்திலே அருவங்காடு. 20-ஆம் நூற்றாண்டு பிறந்தவுடனே ஆரம்பித்தது, இன்றும் நடக்கிறது. மேட்டுப்பாளையம் மலை ரயிலில் போனவர்கள் அந்த ஸ்டேஷன் பெயரைப் பார்த்திருப்பார்கள். பஞ்சு விளைவிக்கிறவன் விவசாயி. கிளிசரின் எண்ணெயிலிருந்து சோப்புக் காய்ச்சும்போது கிடைப்பது, அந்த எண்ணெய்க்கும் விவசாயிதான். முதல் உலகப் போரில் அசிட்டோன் தட்டுப்பாடு வந்தபோது வைஸ்மன் என்ற விஞ்ஞானி மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்து அசிட்டோன் எடுத்துக் கொடுத்தார். அவர் பின்னாளில் இஸ்ரேல் நாட்டின் முதல் ஜனாதிபதி ஆனார். எந்தச் சண்டையானாலும் முடிவில் கொல்லையில் வந்துதான் கை நீட்டுகிறது பாருங்கள்.

இனி அந்தத் தாழ்ப்பாள். பெரியவர் சொன்ன சொல் ரொம்பப் பொருத்தம். போல்ட் ஆக்ஷன் என்பது கதவுத் தாழ்ப்பாளேதான். கைப்பிடியைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் சுட்ட கூடு வெளியே விழும். முன்னுக்குத் தள்ளினால் கீழே இருக்கிற அறையிலிருந்து புதுத் தோட்டா குழலுக்குள் ஏறும். கைப்பிடியை மடக்கினால் கொண்டி மாட்டிக்கொள்ளும். ஜெர்மனியின் மௌசர் 1898-இல் செய்த அமைப்பில் கொண்டிகள் முன்பக்கம், தோட்டாவுக்கு ஒட்டினாற்போல் இருக்கும். ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் வகுத்த அமைப்பில் கொண்டிகள் பின்பக்கம். முன்பக்கக் கொண்டி பலம் அதிகம் தாங்கும். பின்பக்கக் கொண்டி வழுக்கிக்கொண்டு சீக்கிரம் நடக்கும். பிரிட்டிஷ் பட்டாளம் லீயின் அமைப்பை எடுத்துக்கொண்டது. அதுதான் நம் போலீஸ் ஸ்டேஷன்களில் பல காலம் பார்த்த முந்நூற்று மூன்று, .303 லீ-என்ஃபீல்டு.

கையடக்கம் என்ற விஷயத்தில் அந்த லீ-என்ஃபீல்டுக்கு ஒரு முக்கியமான இடம் உண்டு. முதலில் காலாட்படைக்கு நீளத் துப்பாக்கி, குதிரைப்படைக்குக் குட்டைத் துப்பாக்கி என்று இரண்டு வகை இருந்தது. தென்னாப்பிரிக்காவில் போயர் சண்டை முடிந்ததும், எல்லாருக்கும் ஒரே அளவு போதும் என்று முடிவு செய்து குழலில் 5 அங்குலத்தை வெட்டினார்கள். 30 அங்குலச் சொச்சம் 25 ஆயிற்று. இரண்டாம் உலகப் போரில் இன்னும் வெட்டி, 19 அங்குலத்துக்கும் குறைந்த குழலோடு காட்டுச் சண்டைக்கென்று ஒன்று செய்தார்கள். எடை சுமார் 3.2 கிலோ. மலேயா ரப்பர்த் தோட்டங்களில் நம் ஜனங்கள் இருந்த காலத்தில், 1948-க்குப் பிறகு நடந்த கம்யூனிஸ்ட் கலவரத்தின்போது அங்கே அது புழங்கியது. தூக்க லேசு. ஆனால் சுட்டால் தோளை உடைக்கிற உதை, கண்ணைக் கூசும் தீ, காதைப் பிளக்கும் சத்தம். குறியும் நிலையாக நிற்பதில்லை என்று குறை சொன்னார்கள். மூன்று நாலு வருஷத்தில் அதைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். குழல் குட்டையானால் மருந்து முழுக்க உள்ளே எரிந்து தீர இடம் போதாது, மிச்சம் வெளியே எரிகிறது. எடை குறைந்தால் உதை கூடுகிறது. மண்வெட்டியில் காம்பைக் குறைத்தால் இடுப்பு வலிக்கிற மாதிரி இதிலும் கொடுக்கல் வாங்கல் உண்டு.

லேசான ரைபிளை நன்றாக ஆண்டவர் என்று சொன்னால் ஜிம் கார்பெட்டைச் சொல்லவேண்டும். 436 பேரைக் கொன்ற சம்பாவத் பெண்புலியை 1907-இல் அவர் சுட்டார். அதற்கு அன்றைய ஐக்கிய மாகாண கவர்னர் பரிசாகக் கொடுத்தது மௌசர் தாழ்ப்பாள் வைத்த .275 ரிக்பி ரைபிள். அதன் குண்டு ஒரு சவரனுக்குச் சற்று மேல், 9 கிராம்தான். அவர் புலியைச் சாய்த்தது குண்டின் கனத்தால் அல்ல. நாள் கணக்காகக் காத்திருந்து, சரியான இடம் தெரிகிறவரை விசையைத் தொடாத பொறுமையால்.

சரி, முந்நூற்று மூன்று இருக்கும்போது முன்னூற்றுப் பதினைந்து எதற்கு வந்தது? கதையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. 1857-க்குப் பிறகு வெள்ளைக்காரனுக்கு இந்தியன் கையில் துப்பாக்கி என்றாலே தூக்கம் வராது. 1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைக்கக்கூடாது, ஐரோப்பியனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பிறகு வடமேற்கு எல்லையிலும் வங்காளத்திலும் பட்டாளத்துத் தோட்டா களவு போவதைப் பார்த்து, பட்டாளத்துத் தோட்டா நுழைகிற துப்பாக்கியே பொதுஜனம் வைத்திருக்கக்கூடாது என்று தடுத்தார்கள். களவாடின தோட்டா வேட்டைக்காரன் துப்பாக்கியில் நுழையக்கூடாது, வேட்டைக்காரன் தோட்டா கலகக்காரன் துப்பாக்கியில் நுழையக்கூடாது. அதாவது பூட்டுக்கும் சாவிக்கும் உறவை அறுத்துவிட்டார்கள்.

அப்போது இங்கிலாந்தில் பி.எஸ்.ஏ. கம்பெனி ஒரு உபாயம் செய்தது. துப்பாக்கி அதே லீ தாழ்ப்பாள் அமைப்பு. தோட்டா மட்டும் இந்தியப் பட்டாளத்தில் இல்லாத ஒன்று. எது? நான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன ஆஸ்திரியா தோட்டா! அதே 8 மில்லிமீட்டர், அதே 50 மில்லிமீட்டர்க் கூடு. அதற்கு .315 என்று புதுப்பேர் வைத்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள். ஆஸ்திரிய ராஜ்யம் 1918-இல் உடைந்து போயிற்று. அந்தத் தோட்டாவை ஐரோப்பாவே ஏறக்குறைய மறந்துவிட்டது. நம் நாட்டில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பின்னும் 1959-ஆம் வருஷ ஆயுதச் சட்டத்தில் அந்தப் பழைய பாகுபாடு தொடர்ந்தது. .303 தடைசெய்யப்பட்ட வகை, .315 தடை இல்லாத வகை. துப்பாக்கியைச் செய்வதும் சர்க்கார்த் தொழிற்சாலைகளே. வங்காளத்தில் இச்சாப்பூர், நம் மாநிலத்தில் 1966-இல் ஏற்பட்ட திருச்சி படைக்கலத் தொழிற்சாலை. 2021-இல் இந்தத் தொழிற்சாலைகளை எல்லாம் ஏழு அரசுக் கம்பெனிகளாகப் பிரித்தார்கள்.

ஆக பெரியவரின் அண்ணன் மகன் சொன்னது பொய்யில்லை. தாழ்ப்பாள் அமைப்பு, ஐந்து தோட்டா. குண்டு 244 கிரெயின், நம் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு சவரன் எடை. முனையில் ஈயம் திறந்திருக்கும், உடம்புக்கு உலோக உறை. பட்டாளத்துக் குண்டு முழுக்க உறை போட்டது, ஊடுருவிப் போய்விடும். இந்த மெத்தென்ற முனை, பட்ட இடத்தில் காளான் போல விரிந்து அங்கேயே வேலையை முடிக்கும். இதற்கும் நம் நாட்டில் ஒரு பூர்வீகம் உண்டு. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆயுதசாலையில் 1890-களில் பட்டாளத்துக்கே இப்படிப்பட்ட குண்டு செய்தார்கள். மனிதர்மேல் இதைச் சுடுவது அடுக்காது என்று 1899-இல் ஹேக் மாநாட்டில் தடுத்தார்கள். சண்டையில் கூடாது என்றதை வேட்டையில் வேண்டும் என்கிறார்கள். மிருகம் காயத்தோடு ஓடிப்போய் நாள் கணக்கில் கிடந்து சாகாமல் உடனே விழட்டும் என்பதுதான் காரணம்.

உப்பளத்துக்காரர்களுக்கு ஒரு சங்கதி. பழைய தோட்டாக்களின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் என்ற மருந்து இருந்தது. பொறி விட்டபின் அது என்னவாகிறது தெரியுமா? பொட்டாசியம் குளோரைடு. நீங்கள் மூட்டை மூட்டையாக வாங்கிப் போடுகிறீர்களே, மியூரியேட் ஆஃப் பொட்டாஷ், அதேதான்! ஒவ்வொரு வெடிக்கும் ஒரு சிட்டிகை பொட்டாஷ் குழலுக்குள் படிகிறது. காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பை அரித்துவிடும். எண்ணெய் போட்டால் தீராது, உப்பு எண்ணெயில் கரையாதே. வெந்நீர்தான் வேண்டும். .303 வைத்திருந்த சிப்பாய்கள் புனல் வைத்துக் கொதிக்கிற தண்ணீரைக் குழலில் ஊற்றிக் கழுவி, துடைத்து, பிறகுதான் எண்ணெய் போட்டார்கள். நம் கரையில் காற்றிலேயே உப்பு. உப்பளத்து மோட்டார் வருஷத்துக்கு என்ன கதி ஆகிறது என்று உங்களுக்குத் தெரியாததா?

இவ்வளவும் படித்துவிட்டுச் சட்டத்தைப் புரட்டினேன். 1959 சட்டத்தில் விவசாயியை மறக்கவில்லை. பயிர்க்காவலுக்கென்று கேட்டால் வாய்வழி கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம். அது போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் வழவழப்புக் குழல் வேறு துப்பாக்கி தரலாம். தற்காப்புக்கும் வேட்டைக்கும் கொடுக்கிற வழவழப்புக் குழல் துப்பாக்கி 20 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. குட்டையானால் வேட்டிக்குள் மறைக்கலாம் அல்லவா? வரி வெட்டிய ரைபிளைப் பயிர்க்காவல் என்ற அந்தப் பகுதியில் சேர்க்கவே இல்லை. அதற்கு வேறு தக்க காரணம் காட்டவேண்டும்.

இதை ஏதோ பழைய வெள்ளைக்காரப் பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் ஒரு விடியற்காலை உப்பளப் பாதையில் போனபோது புத்தியில் உறைத்தது. மாசி, பங்குனி, உப்பு எடுக்கும் காலம். மணி நாலு இருக்கும். இருட்டில் அங்கங்கே டார்ச் வெளிச்சம். பெண்கள் தலைச்சுமையாக உப்பு வாரிக் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். கண்ணுக்கெட்டின தூரம் ஒரு மேடு இல்லை, ஒரு கரடு இல்லை. மேற்கே மல்லாட்டைக் கொல்லை, சவுக்குத் தோப்பு, நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலை, அப்புறம் உப்பளம். .315 குண்டு தப்பினால் 2 கிலோமீட்டருக்கு மேல் போகும். தண்ணீர்ப் பரப்பில் தாழ்வாகப் பட்டால் சில்லு எறிந்த மாதிரி தெறித்துக் கிளம்பும். மலைச்சரிவில் சுடுகிறவனுக்குக் குண்டை வாங்கிக்கொள்ள எதிரே மண் இருக்கிறது. இங்கே பன்றிக்குப் பின்னால் நிற்பது யார்? கெட்டிக்கிற துப்பாக்கியின் ரவை சில நூறு கஜத்தில் ஓய்ந்துபோகும். சட்டம் எழுதினவன் இதை நினைத்துத்தான் எழுதினானோ என்னவோ, நம் சமவெளிக்கு அது பொருந்துகிறது.

அதோடு, துப்பாக்கி லைசென்ஸ் வேறு, சுடுகிற அனுமதி வேறு. இது பலருக்குத் தெரிவதில்லை. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது வேட்டைக்கு லைசென்ஸ் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. 1991 திருத்தத்தில் அதுவும் போயிற்று. நிற்கிற பயிருக்குச் சேதம் என்றால் வனத்துறைத் தலைமை அதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவு சொன்னது. காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்களே சுடுவார்கள். பெரியவரின் கொல்லை எந்தக் கணக்கில் வருகிறது என்று அளந்து பார்க்கவேண்டியிருந்தது.

துப்பாக்கிச் சத்தத்தை விவசாயியே தடுத்த கதையும் நம் பக்கத்தில் உண்டு. மதுராந்தகம் பக்கம் வேடந்தாங்கல் ஏரியில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய், இந்தப் பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர்தான் எங்கள் நெல்லுக்கு உரம், சுடக்கூடாது என்று உத்தரவு வாங்கினார்கள். 1858-இல் அதைப் புதுப்பித்துக் கொண்டார்கள். யூரியா மூட்டை கண்ணில் படாத காலத்தில் தழைச்சத்துக் கணக்குத் தெரிந்த ஜனங்கள்! நம் கழுவெளியும் 2021-இல் பறவைகள் சரணாலயமாயிற்று. அங்கே பல காலம் வாத்துக்குச் சுட்ட ஈய ரவை சேற்றில் கிடக்கும். பறவை அதைக் கூழாங்கல் என்று விழுங்கினால் ஈய விஷம் ஏறிச் சாகும். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையை 1991-இல் அடியோடு நிறுத்தினார்கள்.

பெரியவரிடம் இதையெல்லாம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அண்ணன் மகனும் கூட இருந்தார். "வெந்நீர் ஊத்துறது நிஜம்தான் சித்தப்பா, எங்க உஸ்தாத் சொல்லுவார்" என்றார் அவர். பெரியவர் என்னைப் பார்த்து, "அப்ப போன வருஷம் மனு போடுன்னு நீங்க சொன்னது?" என்று கேட்டார். தெரியாமல் சொன்னேன் என்றேன். சிரித்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரைபிள் வேண்டாம் என்று சொல்ல எனக்கு இரண்டு நூற்றாண்டுச் சரித்திரம் கிடைத்தது. அவருக்குப் போன ஒன்றரைக் காணி மல்லாட்டைக்கு அதில் பதில் இல்லை. ஒன்றை மட்டும் அங்கேயே கறாராகச் சொன்னேன்: வேலியில் கரண்டு விடுகிற வேலை வேண்டாம். அது குற்றம். விடியலில் வரப்பில் நடந்து வருகிற உப்பளத்துப் பெண்ணுக்கும் பன்றிக்கும் கம்பி வித்தியாசம் பார்க்காது. வாயில் வெடிக்கிற அவுட்டுக்காயும் அப்படித்தான், முதலில் சாவது மாடு.

சிபாரிசுக் கடிதத்துக்குப் பதிலாக அன்றைக்கே இரண்டு மனு எழுதினோம். பயிர்ச் சேத நஷ்டஈட்டுக்கு ஒன்று, பட்டா எண், பரப்பு, சேதமான நாள், போட்டோ எல்லாம் சேர்த்து. பன்றி நடமாட்டத்தைப் பார்வையிட்டு நடவடிக்கை எடுக்கச் சொல்லி மற்றொன்று, பக்கத்துக் கொல்லைக்காரர்கள் பதினொரு பேர் கையெழுத்தோடு. வனச்சரக அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டோம். ஆட்கள் வந்து கால்தடம் பார்த்து, தூரம் அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மிச்சக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்க இன்னும் இருபத்தைந்து நாள் இருக்கிறது. அண்ணன் மகனும் பக்கத்துக் கொல்லைப் பையன்களும் முறை போட்டுக்கொண்டு இராத்திரியில் தகரம் தட்டுகிறார்கள்.